'எழுதச் சொல்றாங்க': வினாக்களுக்கு மேலே நிற்கும் அந்த ஒரு வரி குறித்து ஒரு திறந்த மடல்

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கும், அவ்வகுப்புகளுக்கான பயிற்சித்தாள்களையும் வினாத்தாள்களையும் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சென்ற மாதம் கொண்டுவந்த விடைத்தாளில், 'வினாவைக் கவனமாகப் படிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. வினாவுக்கு மேலே இருந்த அறிவுறுத்தல் இது: 'பொருந்தாத சொல்லை வட்டமிட்டு, அதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதுக.' ஐந்து வரிசைகளிலும் பொருந்தாத சொல் எது என்பதை அவள் சரியாகவே கண்டுபிடித்திருந்தாள். ஆனால் எதையும் வட்டமிடவில்லை, காரணமும் எழுதவில்லை. அந்தச் சொற்களை மட்டும் ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக, அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தாள். பாதி மதிப்பெண் போயிற்று. அறிவுறுத்தலை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன், தடங்கலில்லாமல் படித்தாள். என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "எழுதச் சொல்றாங்க" என்றாள்.

அவள் சொன்னதை யோசிக்க யோசிக்க, அதில் பிழை குறைவு என்றே தோன்றியது. நம் மொழியில் செய்ய வேண்டிய செயல்கள் பலவும் வினையெச்சங்களாக வரிசையில் நிற்க, கட்டளை கடைசியில் வரும் ஒரே வினைமுற்றில்தான் வெளிப்படுகிறது. 'வட்டமிட்டு' என்பதும் ஓர் ஏவல்தான் என்பது பழகிய கண்ணுக்குத் தெரியும். எட்டு வயதுக் குழந்தையின் காதில் விழும் ஏவல் 'எழுதுக' மட்டுமே. அந்த 'எழுதுக', 'நிரப்புக', 'ஒப்பிடுக' போன்ற வடிவங்களையும் வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆக, குழந்தை முதலில் எதிர்கொள்ளும் தேர்வு பாடத்தில் அல்ல, அந்த ஒரு வரியின் இலக்கணத்தில் இருக்கிறது. அதற்கென்று ஒரு பாடவேளையை நாம் ஒதுக்குகிறோமா?

வாய்மொழி அறிவுறுத்தல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. செய்து முடிக்கும்வரை ஒரு செய்தியை மனத்தில் பிடித்து வைத்திருக்கும் ஆற்றலுக்கு எல்லை மிகக் குறுகியது. பெரியவர்களுக்கே அது ஏறத்தாழ 4 செய்திகள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டார். சிறு குழந்தைகளுக்கு அது இன்னும் குறைவு. 'புத்தகத்தை எடுத்து, 42ஆம் பக்கத்தைத் திறந்து, மூன்றாவது கணக்கை விட்டுவிட்டு, மற்றவற்றை நோட்டில் போட்டு, முடித்ததும் என்னிடம் கொண்டு வாருங்கள்' என்று ஒரே மூச்சில் சொல்லும்போது, பக்கத்தைத் திறந்த கையோடு அடுத்த மாணவனின் நோட்டை எட்டிப் பார்க்கும் குழந்தை பெரும்பாலும் அடங்காத குழந்தை அல்ல, மீதியைத் தொலைத்துவிட்ட குழந்தை. சொன்னதைத் திரும்பத் திரும்பத் தவறவிட்டு, எழுதிக் கொடுத்ததைச் சரியாகச் செய்யும் குழந்தைக்குக் கண்டிப்பைவிடச் செவித்திறன் சோதனை முதலில் தேவைப்படலாம்.

வீட்டில் நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். அறிவுறுத்தலில் வரும் ஒவ்வொரு செயலின் தலைமேலும் பென்சிலால் 1, 2 என்று எண் போடச் சொன்னேன். விடையெழுதத் தொடங்கும் முன் அதைத் தன் பேச்சுமொழியில் எனக்குச் சொல்ல வேண்டும். இவற்றைவிட அதிகம் உதவியது இடம் மாற்றிய ஒரு விளையாட்டுதான்: அவள் அறிவுறுத்தல் எழுதுவாள், நான் எழுதியபடியே செய்வேன். 'ஒரு சதுரம் வரை. மேலே முக்கோணம் போடு' என்று எழுதினாள். நான் சதுரத்தைத் தாளின் நடுவிலும் முக்கோணத்தைத் தாளின் உச்சியிலும் வரைந்தேன். "அப்பா, அது வீடு! சதுரத்துக்கு மேலப்பா!" என்று சண்டைக்கு வந்தவள், மறுமுறை 'சதுரத்தின் மேல்கோட்டைத் தொடும்படி' என்று எழுதினாள். தன் சொல்லைப் பிறர் தவறாகப் படிப்பதைப் பார்த்த பிறகுதான் பிறர் சொல்லை நிறுத்திப் படிக்கத் தொடங்கினாள். (எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தொடங்கு என்று முதல் வரியிலும், எதையும் செய்யாதே என்று கடைசி வரியிலும் எழுதிக் குழந்தைகளை ஏமாற்றும் 'தேர்வு' ஒன்று உண்டே, அது எனக்கு உடன்பாடில்லை. அதில் குழந்தை கற்பது அசட்டுத்தனமாக உணர்வதை மட்டுமே.)

உங்களிடம் நான் வேண்டுவது பெரிதல்ல. தொடக்க வகுப்புத் தாள்களில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல் என்று வையுங்கள்: 'பொருந்தாத சொல்லை வட்டமிடு. ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வரியில் எழுது.' மேல்வகுப்புகளில் நீண்ட அறிவுறுத்தல்கள் வரத்தான் போகின்றன. அவற்றை ஒரு படி, இரண்டு படி, மூன்று படி என்று பழக்கிக் கொண்டுபோக முடியும். வகுப்பில் 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லாக் குழந்தைகளும் 'புரிந்தது' என்றே சொல்வார்கள். அதற்குப் பதிலாக, முதலில் என்ன செய்யப் போகிறாய் என்று ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். மதிப்பிடும்போது, பாடம் தெரியாததால் போன மதிப்பெண்ணையும் அறிவுறுத்தல் தவறியதால் போன மதிப்பெண்ணையும் வேறு வேறாகக் குறித்தால், எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். ஒரே நேரத்தில் பல குழந்தைகளைக் கவனிக்கும் உங்கள் வேலைச்சுமையை அறிந்தேதான் இதைக் கேட்கிறேன்.

அடுத்த வாரம் அவளுக்குத் தேர்வு. வினாத்தாளில் பென்சிலால் எண் போட்டுக்கொண்டால் திட்டுவார்களா என்று நேற்றிரவு கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை