நிற்கவும் விழவும் சொல்லித்தந்தவர்களுக்கு

தடகளக் கோச்சுகளுக்கும் ஸ்டன்ட் மாஸ்டர்களுக்கும் ஆளைக் கட்டிக் காற்றில் தூக்கும் ரோப்பைப் பிடிக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

ஸ்பைக்ஸை (ஆணி வைத்த ஓட்ட ஷூவை) கழற்றிவிட்டு சினிமா ஸ்டன்டுக்கு வந்த ஓட்டக்காரர்கள் எழுதுகிறோம்.

மைதானத்தில் ஓடத்தான் பழக்குவார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டியபின் வேகம் தணிய முப்பது நாற்பது மீட்டர் கிடைக்கும். படப்பிடிப்பிலோ பதினைந்து மீட்டர் ஓடி, தரையில் ஒட்டிய டேப்பில் நிற்க வேண்டும். இரண்டடி தாண்டினால் கேமராவின் ஃபோகஸ் போச்சு. கடைசி நாலைந்து காலடியைக் குறுக்கி, இடுப்பைத் தாழ்த்தி, முழுப் பாதமும் ஊன்றி நிற்கப் பழக்கிய மாஸ்டர்களுக்கு முதல் நன்றி. காலை விறைப்பாக நீட்டி ஒற்றைக் காலில் பிரேக் போட்டால் முழங்கால் ஜவ்வு கிழியும்.

2009 பெர்லினில் 9.58 நொடியில் ஓடிய உசைன் போல்ட்டுக்கே உச்ச வேகம் 60 மீட்டருக்கு மேல்தான் வந்தது. எந்த ஷாட்டில் அவ்வளவு தூரம் தருவார்கள்? இங்கே விலைபோவது முதல் பத்து காலடி. அதைச் செதுக்கித் தந்த கோச்சுகளே, நன்றி. சின்ன மன்னிப்பும் கேட்க வேண்டும்: நீங்கள் பார்த்துப் பார்த்துத் திருத்திய கைவீச்சைத்தான் மாஸ்டர்கள் முதலில் கலைத்தார்கள். உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் முழங்கையை 90 டிகிரியிலா வைத்திருப்பான்!

வேகத்தில் தடுக்கினால் கை தானாக முன்னே நீளும். மணிக்கட்டும் காறை எலும்பும் உடைவது அப்படித்தான். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கையை வில்லாக வளைத்து, வலத் தோளில் தொடங்கி முதுகின் குறுக்கே இட இடுப்புக்கு உருள வேண்டும். தலை தரையில் படவே கூடாது. முதலில் மண்டியிட்டு, பிறகு நின்று, நடந்து, கடைசியில்தான் ஓடி. மெத்தையில் சரியாக வந்த பிறகே புல்தரை. அவசரப்பட்டவர்களைப் பிடித்து நிறுத்திய டம்ப்ளிங் (உருளல்) ஆசிரியர்களுக்குக் கூடுதல் கும்பிடு.

ரோப் அணிக்கு என்ன சொல்ல? ஓட்டக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம்: 'ஆக்‌ஷன்' காதில் விழுந்ததும் பந்தயத் தொடக்கத் துப்பாக்கி வெடித்ததுபோலப் பாய்வது. ரோப் தொய்வாக இருக்கும்போது பாய்ந்தால் அது வெடுக்கென்று இறுகி இடுப்பையும் கழுத்தையும் பதம்பார்க்கும். இரு பக்க ரோப்பும் சமமாக இல்லாவிட்டால் உடம்பு காற்றில் திருகிக்கொள்ளும். தொய்வை எடுத்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணிய பிறகே ஆளை விடுவீர்கள். பதினோராவது டேக்கிலும் கொக்கியின் பூட்டை விரலால் திருகிப் பார்ப்பீர்கள்.

லைட் மாற்ற அரைமணி உட்கார்ந்துவிட்டு, சூடேற்றாமல் முழு வேகம் எடுத்தால் பின்தொடைத் தசை கிழியும். ஷாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து எழுப்பிவிடும் உதவி இயக்குநர்களுக்கும் நன்றி.

காஸ்ட்யூமர்களே, முட்டி பேடும் இடுப்பு பேடும் உள்ளே அடங்க ஒரு சைஸ் பெரிய பேன்ட் எடுத்துவைத்தீர்கள். வழுக்கும் தோல் ஷூவின் அடியில் ரப்பர் ஒட்டித்தந்ததும் நீங்கள்தான்.

அன்புடன்,
ஓட்டக்காரர்கள்