ஆஸ்பத்திரியிலேயே எழுத வேண்டிய படிவம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் டெல்டா பகுதியில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவனிடம் அடி வாங்கும் பெண்களில் பெரும்பாலோர் போலீஸ் ஸ்டேஷன் படியை மிதிப்பதே இல்லை. ஆனால் எங்களிடம் வந்துவிடுவார்கள். பிரஷர் பார்க்க ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டால் மேல்கையில் நாலு விரலும் பதிந்து கன்றிப்போயிருக்கும். "மாடு முட்டிடுச்சு நர்ஸம்மா" என்பாள். பின்னால் மாமியார் நிற்பார்.

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை இரவில் ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். அடித்த கணவனே கூட நின்றான். "என்னம்மா ஆச்சு?" என்று அவன் முன்னாலேயே கேட்டார்கள். அவள் வேறென்ன சொல்வாள்? விபத்துப் பதிவேட்டில் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தது' என்று ஏறியது. பிறகு அவள் ஜீவனாம்சம் கேட்டு கோர்ட்டுக்குப் போனபோது, எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து நீட்டியது அந்த ஒரு வரியைத்தான். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

இது இப்படி நடக்க வேண்டியதே இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த விதிகளில் 17ஆவது விதி தெளிவாகச் சொல்கிறது: குடும்ப வன்முறை பற்றிய சம்பவ அறிக்கை ஏற்கெனவே பதிவாகாவிட்டால், மருத்துவமனைப் பொறுப்பாளரே அந்த அறிக்கைக்கான படிவம் 1ஐ நிரப்பி, இந்தச் சட்டத்தின் கீழ் பெண்களுக்கு உதவ நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவ அறிக்கையின் நகலை அந்தப் பெண்ணுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். புகார் கொடுக்கவில்லை என்று சொல்லி சிகிச்சையை மறுக்கக் கூடாது. என் பணிக்காலத்தில் அந்தப் படிவத்தை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

என்னிடம் அழுத பெண்களில் விவாகரத்து கேட்டவர்கள் குறைவு. அடி நிற்க வேண்டும், பிள்ளைகளோடு அதே வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டம் அதைத்தான் தருகிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அவளை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. ஆனால் ஊரில் எல்லோரும் சொல்வது, "கொஞ்ச நாள் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வா."

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். இத்தனை பேருக்கு மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் அலுவலர் எப்படிப் போதும்? வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் உத்தரவிட்டது. எங்கள் வட்டத்துக்கு யார் என்பதைச் சுகாதார நிலையச் சுவரில், பெண்கள் உதவி எண்ணான 181க்குப் பக்கத்தில், பெயரும் போன் நம்பருமாக எழுதிப் போடுங்கள்.

எங்கள் ஊர் சுய உதவிக் குழுப் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோர்ட்டுக்குப் போன அந்தப் பெண்ணின் ஆதார், ரேஷன் கார்டு, மூத்தவனின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் குழுத் தலைவி வீட்டு பீரோவில்தான் பத்திரமாக இருந்தன. வாய்தாவுக்கு வாய்தா ஒருத்தி கூடப் போனாள். பெண்ணுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரித்து வந்ததும் அவர்கள்தான். கூட ஒரு ஆள் வரவில்லை என்றால் முதல் வாய்தாவிலேயே அவள் சோர்ந்திருப்பாள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இப்போது வீடு வீடாகப் போவதும் இப்படிப்பட்ட குழுப் பெண்கள்தானே! அவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுங்கள். காயத்தோடு வருபவளைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்கச் சொல்லுங்கள். படிவம் 1ஐ எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வையுங்கள். சுகாதாரத் துறையும் சமூக நலத் துறையும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை போட்டாலே இதைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்

(என் பெயரைப் போட்டால் அந்தப் பெண் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். தயவுசெய்து தவிர்க்கவும்.)