தம்பியின்ர வலிப்பு வருத்தத்தை எங்களுக்கு விளங்கப்படுத்தின ஆக்களுக்கு

முள்ளியவளையில இருந்து எழுதிறன். கனநாளா எழுதோணும் எழுதோணும் எண்டு தள்ளிப்போட்டது, இண்டைக்கு தம்பி கடைக்குப் போயிட்டான், அம்மாவும் கோயிலுக்கு, அதால எழுதி முடிச்சிடுவம்.

முதல் நன்றி வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த இடத்தில எங்கட விறாந்தையில வந்து இருந்த டொக்டருக்கு. பேர் போடவேண்டாம் எண்டு அவரே சொன்னவர். வெளிநாட்டில நியூரோசர்ஜரியில, அதுதான் மூளை ஒப்பரேசனில, ஆராய்ச்சி செய்யிறவர், வலிப்பும் தலைக்காயமும்தான் அவற்ற வேலை. ரிப்போட்டைப் பாத்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டு எழும்பிடுவார் எண்டு நினைச்சம், மனுசன் பைலைத் திறக்கவேயில்லை, "வரேக்க என்ன நடக்கும், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ அம்மா" எண்டு தேத்தண்ணியைக் கையில வச்சுக்கொண்டு இருந்திட்டார்.

அம்மா சொன்னவா. கதைச்சுக்கொண்டு நிக்கேக்க டக்கெண்டு நிப்பாட்டுவான், வெறும் வாயை மெல்லுவான், சேட் பொத்தானை நுள்ளிக்கொண்டு நிப்பான், கூப்பிட்டா பாப்பான் ஆனா ஆள் அங்க இல்லை. விழமாட்டான், நுரை தள்ளாது. அதால ஊரில ஒருத்தரும் இதை வலிப்பெண்டு சொல்லேல்ல, பயந்திட்டான், பார்வை பாக்கோணும், நூல் கட்டோணும், இதுதான் கதை. முன்வீட்டு மாமி தன்ர போனில எடுத்து வச்ச வீடியோவைக் காட்ட, டொக்டர் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு தன்ர காதுக்கு மேல கையை வச்சு, இந்த இடத்தில டெம்பரல் லோப் எண்டு ஒரு பகுதி, அதில இருந்து வெளிக்கிடுற வலிப்பு இப்பிடித்தான் எண்டார். பிறகு தம்பியிட்ட, "வரமுதல் வயித்துக்குள்ள இருந்து என்னவோ மேல ஏறுமே?" எண்டு கேட்டார். அவன் திகைச்சுப்போனான். அதை அவன் எங்களிட்டக்கூட சொன்னதில்லை.

2009 சண்டையில அவனுக்குத் தலையில பட்ட பீஸ், குண்டு வெடிச்சுச் சிதறின துண்டு, இன்னும் உள்ளுக்கதான் இருக்கு. வியட்நாம் சண்டையில மண்டை துளைச்சுக் காயப்பட்ட அமெரிக்க ஆமிக்காரரை 15 வருசமாப் பாத்துக்கொண்டு வந்த ஆராய்ச்சியில பாதிக்கு மேற்பட்ட ஆக்களுக்கு வலிப்பு வந்திருக்காம், சிலருக்கு காயம் ஆறி வருசக்கணக்குப் போனாப்பிறகுதானாம். இஞ்ச தலைக்குள்ள பீஸோட திரியிற ஆக்களையும் ஆராவது வீடு வீடாப் போய் எழுதினா நல்லம் எண்டு எனக்கு அப்பதான் பட்டது.

தம்பி ஒப்பரேசன் எண்ட சொல்லுக்கே பயம். டொக்டர் அவனுக்கு ஒளிக்கேல்ல. 1886 இல லண்டனில ஹோர்ஸ்லி எண்டவர் வலிப்புக்குச் செய்த முதல் ஒப்பரேசன் சின்னனில மண்டை உடைஞ்ச ஒரு 22 வயசுப் பெடியனுக்காம். 1953 இல அமெரிக்காவில ஒரு வலிப்புக்காரருக்கு ரெண்டு பக்க டெம்பரல் லோப்பின்ர உள்பகுதியையும் வெட்டி எடுத்து, அந்தாளுக்குப் புதுசா ஒண்டுமே நினைவில நிக்காமப் போனதையும் சொன்னவர், அதுக்குப் பிறகுதான் ஞாபகசக்தியைச் சோதிக்காம கை வைக்கிறேல்ல எண்டு வந்ததாம். 2001 இல கனடாவில வந்த ஆராய்ச்சியில டெம்பரல் லோப் வலிப்புக்காரர் 80 பேரைப் பாதி பாதியாப் பிரிச்சு, ஒரு வருசத்தால பாக்க, ஒப்பரேசனுக்கு ஒதுக்கின பக்கம் நினைவு தப்புற வலிப்பு இல்லாம இருந்தவை 58 வீதம், மருந்து மட்டும் எடுத்த பக்கம் 8 வீதம். ஆனா சரியாத் தெரிஞ்செடுத்த ரெண்டு மருந்து, சரியான அளவில குடுத்தும் கேக்கேல்லையெண்டாத்தான் அந்தக் கதைக்கே போகோணும், உனக்கு இன்னும் ஒரு மருந்தே முழுசாப் பாக்கேல்ல எண்டார். கிளினிக்கில இப்ப ரெண்டாவது குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கொண்டு வருகினம். வலிப்பு நிக்கேல்ல, குறைஞ்சிருக்கு.

எம்.ஆர்.ஐ ஸ்கான் எடுக்கப் போனா உள்ளுக்க பீஸ் இருக்கெண்டு முதலே சொல்லோணும், இரும்பெண்டா அந்த மெசின்ர காந்தம் அதை அசைச்சுப்போடும் எண்டதும் அவர் சொல்லித்தான் தெரியும். பீஸோட இருக்கிற ஆக்கள் இதை வாசிச்சா தயவுசெய்து மனசில வச்சிருங்கோ. தம்பிக்கு சி.ரி ஸ்கான்தான் எடுத்தவை.

கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸிக்கு நன்றி, குளிசை வந்த உடன கோல் எடுத்துச் சொல்லுறவா, நாங்கள் சும்மா பஸ் ஏறி அலையத் தேவையில்லை. தம்பி தவறி விழுந்திடாம இருக்கப் பங்குக்கிணத்துக்குக் கட்டு உயர்த்தித் தந்த சித்தப்பாக்கு நன்றி. சைக்கிள் கடை அண்ணாக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல. ஒருநாள் கடையில தம்பி விழுந்து கைகால் அடிச்சு பெரிசா வந்திட்டுது, சனம் திறப்புக்கோர்வையைக் கையில திணிக்க ஓடி வர, அண்ணா எல்லாரையும் தள்ளிவிட்டு, வாய்க்குள்ள ஒண்டும் வைக்கவிடாம, ஆளைச் சரிச்சுக் கிடத்திப்போட்டு மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருந்தவர், 5 நிமிசம் தாண்டினா ஆஸ்பத்திரி எண்டு ஓட்டோவையும் வாசலில நிப்பாட்டி வச்சிருக்கிறார். தாண்டேல்ல. பின்னேரம் அவனை வழமை மாதிரி ரியூப் ஒட்ட விட்டவர், அதுதான் எனக்குப் பெரிசு.

விட்டுப்போன ஆக்கள் கோவிக்காதேங்கோ. மாமி, உங்கட வீடியோ இல்லாட்டி இவ்வளவும் இல்லை. டொக்டருக்கும் அனுப்பியாச்சு, இனி அதைப் போனில இருந்து அழிச்சுவிடுங்கோ, தம்பிக்கு அது இன்னொருத்தற்ற கையில கிடக்கிறது விருப்பமில்லை.