எண்டோஸ்கோப்பி நார்மல், சோறு மட்டும் இறங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரிசிம்பருப்பு சோறு நெஞ்சிலேயே நிற்கிறது என்று சொன்னால் ஈரோடு, கோபி பக்கம் முதலில் கிடைப்பது கேஸ் மாத்திரைதான். அப்புறம் ஒரு எண்டோஸ்கோப்பி. ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்துவிட்டால் எல்லாம் மனசுதான் என்று அனுப்பிவிடுகிறார்கள். எதிர்ப்புச் சக்தியும் பரம்பரையும் சேர்ந்து உண்டாக்கும் இரண்டு நோய்கள் இங்கேதான் தப்பிப்போகின்றன.

ஒன்று அக்கலேசியா. உணவுக்குழாயின் அடி வால்வைத் தளர்த்தும் நரம்புச் செல்கள் அழிந்துபோகும். அவற்றைச் சுற்றி லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் மொய்த்திருக்கும். எதிர்ப்புச் சக்தியை நடத்தும் எச்.எல்.ஏ. மரபணு வகைகள் சிலவற்றுக்கு இதில் பங்குண்டு என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்காகக் குடும்பத்தோடு மரபணு டெஸ்ட் எடுப்பது வீண் செலவு. சோறு மட்டுமல்ல, தண்ணீரும் நிற்கும்; ராத்திரி படுத்தால் சாப்பிட்டது அப்படியே தலையணைக்கு வரும். மேனோமெட்ரி என்ற அழுத்தப் பரிசோதனை செய்தால்தான் உறுதியாகும்: மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, 5 மில்லி தண்ணீரைப் பத்துத் தடவை விழுங்கச் சொல்லி அழுத்தம் பார்ப்பார்கள். எண்டோஸ்கோப்பிக்கு முந்தின நாள் கெட்டி உணவே கூடாது. தேங்கிய சோறு நுரையீரலுக்குள் போய்விடும். நரம்பு செத்தபின் ஸ்டீராய்டால் பயனில்லை. பலூனால் விரிப்பது, எண்டோஸ்கோப்பி வழியாகவே வால்வுத் தசையை வெட்டும் போயம், அறுவை சிகிச்சை எல்லாம் வால்வைத் தளர்த்துவதோடு சரி.

மற்றது ஈசினோபிலிக் ஈசோபேஜைட்டிஸ். இது அலர்ஜி வகை. ஆஸ்துமா, தோல் அரிப்பு உள்ளவர்களிடம் அதிகம். தண்ணீர் இறங்கும், இட்லி நிற்கும். ஒவ்வொரு வாய்க்கும் டம்ளரைத் தேடும் பிள்ளையைக் கவனியுங்கள். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் பார்க்க நன்றாகவே இருந்தாலும் மேலும் கீழுமாகக் குறைந்தது 6 இடத்தில் சதை எடுக்க (பயாப்சி) வேண்டும். நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் பரப்பில் ஈசினோபில் என்ற அலர்ஜி வெள்ளையணுக்கள் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த நோய்தானா என்று பார்க்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பயாப்சிக்குப் போனால் அந்த எண்ணிக்கை குறைந்துபோகலாம். முன்னதாகவே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சொந்தத்தில் கட்டிய குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அழும்போது கண்ணீரே வராத குழந்தைக்கு விழுங்குவதிலும் சிரமம் என்றால் அக்கலேசியாவும் சேர்ந்து வரும் டிரிப்பிள் ஏ சிண்ட்ரோம் என்ற அபூர்வ நோயாக இருக்கலாம். பெற்றோர் இருவரிடமும் ஏ.ஏ.ஏ.எஸ். என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாகியிருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்தக் குழந்தைகளுக்கு அட்ரீனல் சுரப்பியும் வேலை செய்யாமல் போகும். சர்க்கரை இறங்கி வலிப்பு வரும், தோல் கருக்கும். வால்வை விரிக்க மயக்க மருந்து கொடுக்கும் முன் காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் (அட்ரீனல் சுரக்கும் ஹார்மோன்) பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் மேசையில் ஏற்றினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

இப்படிக்கு,
இரைப்பை, குடல் மருத்துவர்கள் இருவர்,
ஈரோடு