மழைக்கு முன் ஒருமுறை மாடி ஏறுங்கள், ஆணையர் அவர்களே

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பஸ் நிலைய வணிக வளாகத்தின் முதல் மாடியில் தையற்கடை நடத்துகிறேன். இந்தக் கட்டடத்தின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர்கள் கொடுத்த மனுக்கள் உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. உங்களுக்கு முன்பிருந்தவர் பெயருக்கு எழுதியவையும் அதே கோப்பில்தான் தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற வாரம், கடைகள் திறப்பதற்கு முன், மேற்குப் பக்கச் சன்ஷேடின் ஓரம் பெயர்ந்து, கீழே பெருக்கிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அக்காவின் தோளில் விழுந்தது. தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தப் பணியாளர் என்பதால் வராத நாளுக்கு அவருக்குக் கூலி இல்லை. உங்கள் கட்டடம், உங்கள் தெரு, உங்கள் துடைப்பம். காயம் மட்டும் அவருடையது.

அன்று மாலையே பொறியியல் பிரிவிலிருந்து இருவர் வந்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். தூணுக்குத் தூண் சிவப்பு வெள்ளை நாடாவை இழுத்துக் கட்டி, 'பழுதடைந்த கட்டடம், அருகில் வராதீர்' என்ற பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த சில நாட்களில் அதே பலகைக்குக் கீழே நின்று வருவாய்ப் பிரிவு ஊழியர் வாடகை ரசீது எழுதினார். அருகில் வராமல் கடை நடத்தி வாடகை கட்டுவது எப்படி என்று அவரிடம் கேட்டேன். நல்ல மனிதர். சிரித்துவிட்டு, 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

வந்த இருவரும் மொட்டை மாடிக்குப் போகவில்லை. அதுதான் என் குறை. மாடிக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. சாவி அலுவலகத்தில் இருப்பதாகக் காவலாளி சொல்கிறார். காவலாளியிடம் இருப்பதாக அலுவலகத்தில் சொல்கிறார்கள். நாங்களே செலவு செய்து சுத்தம் செய்துகொள்கிறோம் என்று கேட்டபோது, நகராட்சிச் சொத்தில் கை வைக்கக் கூடாது என்று பதில் வந்தது. சரி, வைக்கவில்லை. ஆனால் எதிரே உள்ள லாட்ஜின் மாடியில் நின்று பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லையே. அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. மழைநீர் இறங்கும் துளைகளைச் சருகும் பிளாஸ்டிக் பைகளும் அடைத்திருக்கின்றன. மழை பெய்து ஓய்ந்த பிறகும் தண்ணீர் குளமாக நிற்கிறது. கைப்பிடிச் சுவரில் காக்கை எச்சத்திலிருந்து முளைத்த அரசஞ்செடிகள் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டன. சில ஆண்டுகளுக்கு முன் மாடியில் விளம்பரப் பலகை வைக்க அனுமதி கொடுத்தீர்கள். அதன் கால்களை நிறுத்தத் தட்டோட்டைத் துளைத்துப் போல்ட் முடுக்கினார்கள். ஒப்பந்தம் முடிந்து பலகை போய்விட்டது, துளைகள் இருக்கின்றன. அவற்றுக்கு நேர் கீழேதான் என் கடை.

சன்ஷேடு ஏன் பெயர்ந்தது என்று எனக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னதில் புதுமை எதுவும் இல்லை, உங்கள் பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி காய்ந்திருக்கும்வரை கட்டடத்துக்கு ஆபத்தில்லை. தண்ணீர் ஊறி இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளேயிருந்து நெட்டித் தள்ளி கான்கிரீட்டைப் பிளக்கும். பிளவு வழியே இன்னும் தண்ணீர் இறங்கும். உதிர்ந்த இடத்தைக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதன் பிறகுதான் கலவை பூச வேண்டும். சென்ற முறை ஒப்பந்ததாரரின் ஆட்கள் துருவின் மேலேயே சிமெண்ட்டை அப்பி, அதன் மேல் மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். அந்த அழகான மஞ்சள் துண்டுதான் அக்காவின் தோளில் விழுந்தது. செடிகளையும் அப்படித்தான் வெட்டினார்கள். தலையை வெட்டி வேரை விட்டார்கள். வேர் விரிசலுக்குள் பருத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் தொழிலுக்கு ஐப்பசி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஆண்டு முழுவதும் வரும் வேலையில் பெரும்பகுதி தீபாவளிக்கு முந்தைய வாரங்களில்தான் வரும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வரும். வெட்டும் மேசைக்கு மேலே தார்ப்பாயைக் கட்டி, அது வழியும் மூலையில் வாளி வைத்து, ஒரு கண் துணியிலும் ஒரு கண் கூரையிலுமாக உட்கார்ந்திருப்போம். விழுவது வெறும் தண்ணீர் என்றால் காயவைத்துக் கொடுத்துவிடலாம். விழுவது துரு கரைந்த நீர். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு பட்டாலும் காவி வட்டமாகப் பிடித்துக்கொள்ளும். பருத்தி என்றால் எலுமிச்சையும் உப்பும் தேய்த்து ஓரளவு போக்கலாம். பட்டில் அதைச் செய்ய முடியாது. சென்ற தீபாவளிக்கு ஒரு பெண்ணின் நிச்சயதார்த்த ரவிக்கைத் துணி அப்படிப் போயிற்று. புடவையோடு சேர்ந்து நெய்த துணி, அதே நிறத்தில் கடையில் கிடைக்காது. பணத்தைக் கொடுத்தேன். அவருடைய தாயார் பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கூரை என்னுடையது அல்ல என்று அவரிடம் சொல்லி என்ன பயன்?

மழை வலுத்தால் மின்மோட்டாரின் இணைப்பைப் பிடுங்கிவிடுவோம். டியூப்லைட் பட்டியின் வழியே தண்ணீர் கசிவதால் சுவிட்சைத் தொடவே பயம். காலால் மிதித்துத் தைப்போம். என்னிடம் வேலை செய்யும் பெண்கள் இருவருக்கும் துணிக்கணக்கில்தான் கூலி. மோட்டார் நின்றால் அவர்கள் கூலி பாதியாகிவிடும். தீபாவளிக்குத் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன எடுப்பது என்று அவர்களும் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள் அல்லவா? மாடியில் அடைபட்ட ஒரு துளை இவ்வளவு தூரம் இறங்கி வருகிறது. அதற்காகத்தான் கேட்கிறேன்: மழைக்கு முன் ஒருமுறை மாடி ஏறுங்கள்.

பராமரிப்பு நமக்குத் தெரியாத கலை அல்ல. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று வைத்து, அந்தச் சாக்கில் கோபுரத்தில் சாரம் கட்டி, செடியை வேரோடு பிடுங்கி, விரிசலை அடைத்துக் கோவிலைக் காத்த ஊர்கள் நம்முடையவை. இந்த வளாகத்துக்கும் ஒரு குடமுழுக்கு நடத்தினால்தான் யாராவது மேலே ஏறுவார்கள் என்றால் வசூல் செய்து நடத்திவிடுகிறோம். கல்வெட்டும் வைக்கலாம். நுழைவாயிலில் அடிக்கல் நாட்டியவருக்கு ஒன்று, திறந்து வைத்தவருக்கு ஒன்று, மேம்பாட்டுப் பணியைத் தொடங்கி வைத்தவருக்கு ஒன்று என்று மூன்று கல்வெட்டுகள் இருக்கின்றன. மழைநீர்த் துளையில் கையை விட்டுச் சருகை அள்ளுபவருக்கு நான்காவது கல்வெட்டை வைக்கிறோம். பளிங்குக் கல்லிலேயே வைக்கிறோம். புதிதாகக் கட்டினால் விழா உண்டு, இடித்தால் டெண்டர் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஐம்பது ஆண்டுகள் கட்டடத்தை நிற்கவைப்பவருக்கு மாலையும் கிடையாது, பில்லும் கிடையாது. ரேஷன் கடை, நூலகம், கழிப்பறை என்று இந்த ஊரில் எதை எடுத்தாலும் இதே கதைதான்.

கோபத்தில் தடம் மாறிவிட்டேன். மன்னியுங்கள். ஆனால் கோபத்துக்குக் காரணம் பயம். 2017 செப்டம்பரில் கோவை மாவட்டம் சோமனூர் பஸ் நிலையத்தின் கூரை மழையில் இடிந்து ஐந்து பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே பொறையாறு போக்குவரத்துக் கழகப் பணிமனையில் ஓய்வறைக் கட்டடம் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த எட்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களைச் சோதிக்கச் சொன்னார்கள். சோதனைக்கு எப்போதும் ஒரு சாவு முன்னால் போக வேண்டியிருக்கிறது. இங்கே இந்த முறை தோளோடு நின்றது.

'இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம், அதுவரை பொறுங்கள்' என்று உங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்கள். இடிக்கத்தான் வேண்டும் என்று ஆய்வு சொன்னால் நாங்கள் தடுக்க முடியாது. மாற்று இடமும், புதுக் கட்டடத்தில் எங்களுக்கு முன்னுரிமையும் எழுத்தில் கொடுங்கள். ஆனால் அந்த ஆய்வை யார் செய்தார்கள்? எப்போது செய்தார்கள்? மாடி ஏறாமல் ஒரு கட்டடத்துக்கு எப்படி மரணச் சான்றிதழ் எழுதுகிறார்கள்?

நாங்கள் கேட்பது பெரிய தொகை அல்ல. இந்தப் புரட்டாசிக்குள் ஆட்களை அனுப்பித் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். செடிகளை வேரோடு எடுங்கள். போல்ட் துளைகளை அடைத்து, தட்டோட்டின் இடுக்குகளுக்குக் கலவை பூசுங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் சன்ஷேடு ஓரங்களை, கீழே ஆள் இல்லாத நேரத்தில் நீங்களே தட்டி இறக்கிவிடுங்கள். பிறகு, எங்கள் வாடகையிலிருந்தே ஒரு பங்கை ஒதுக்கி ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் இதைச் செய்து, செய்த தேதியையும் செய்தவர் கையெழுத்தையும் படிக்கட்டுச் சுவரில் ஒட்டுங்கள். காயம்பட்ட அக்காவின் மருத்துவச் செலவையும் விடுபட்ட கூலியையும் கொடுங்கள். இதைக் கேட்கவேண்டி வந்ததே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தாங்கள் நேரில் வந்தால் மிகவும் மகிழ்வோம். மழைக்கு முன் ஒருமுறை, தயவுசெய்து, மாடி ஏறுங்கள். சாவி இன்னும் கிடைக்கவில்லை என்றால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பூட்டை உடைக்க ஆளும் புதுப் பூட்டும் எங்கள் செலவு. புதுச் சாவி ஒன்றை உங்கள் அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முதல் மாடித் தையற்கடைக்காரி,
பஸ் நிலைய வணிக வளாகம்