மஞ்சள் சாப்பருக்குக் கை கொடுத்தவர்களுக்கு

கொரட்டூரில் எங்கள் தெருக்காரர்களுக்கும், புதுப்பேட்டைக் கடைக்காரர்களுக்கும், அம்பத்தூர் எஸ்டேட் லேத் அண்ணனுக்கும் வணக்கம்.

நானும் அக்கா மகனும் அந்த மஞ்சள் சைக்கிளைத் தெருவில் இறக்கியதிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "நீங்களே செஞ்சதா?" ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். சிக்னலில் நிற்கும்போது அவ்வளவுதான் சொல்ல முடியும். "நம்பர் பிளேட் எங்கே?" என்று கேட்ட பெரியவருக்கும் சிரிப்பைத்தான் பதிலாகக் கொடுத்தேன். ஐயா, பெடல் மிதித்து ஓட்டும் வண்டிக்குப் பதிவு எண் கிடையாது. மற்றபடி "நீங்களே" என்பதில் எத்தனை பேர் அடங்கியிருக்கிறார்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

சாப்பர் என்றால் என்னவென்று கேட்கிறவர்களுக்கு: முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் கால், அதாவது முன் ஃபோர்க், நீண்டு சாய்ந்திருக்கும், ஹேண்டில்பார் மார்பளவு உயர்ந்திருக்கும், சீட் நீளமாக இருக்கும், அதன் பின்னால் முதுகு சாய ஒரு வளைவுக் கம்பி. இதை ஏதோ கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். 1960-களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் பையன்கள் தாங்களாகவே 20 அங்குலச் சைக்கிளில் உயரமான ஹேண்டில்பாரையும் நீள சீட்டையும் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அது ஷ்வின் கம்பெனியில் இருந்த ஆல் ஃபிரிட்ஸ் காதுக்கு எட்டி, 1963-இல் ஸ்டிங்-ரே கடைக்கு வந்தது. பிரிட்டனில் ராலே கம்பெனி சாப்பர் என்ற பெயரிலேயே ஒன்றை விற்றது. அதற்கு முன்சக்கரம் 16 அங்குலம், பின்சக்கரம் 20. அந்த ராலே 1960-லிருந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பிரிட்டன் கம்பெனியின் கையில் இருந்தது. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் முருகப்பா குழுமத்தோடு கைகோத்து 1949-இல் ஆரம்பித்ததுதான் நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். ஆக, சாப்பருக்கும் நம் ஏரியாவுக்கும் உறவு உண்டு. ஒன்றுவிட்ட உறவுதான், ஆனாலும் நான் விடுவதாக இல்லை.

முதல் நன்றி சைக்கிள் கடை பாய்க்கு. பாய், காயலான் கடையிலிருந்து நாங்கள் தூக்கி வந்த முதல் லேடீஸ் பிரேமை நீங்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நூல் எடுடா" என்றீர்கள். பின் அச்சு உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில்பார் இறங்கும் தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கம் இழுத்துக் கட்டினீர்கள். அப்புறம் சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையே இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்தீர்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் பிரேம் நேர். இல்லையென்றால் எங்கேயோ இடி வாங்கியது. "ரெண்டு மில்லி முன்னபின்ன இருந்தா ஓட்டிடலாம். இது அஞ்சு. கொண்டுபோய்க் குடுத்துட்டு வேற பாரு." காயலான் கடை அண்ணாச்சியும் முகம் கோணாமல் மாற்றிக் கொடுத்தார். அவருக்கும் இங்கேயே ஒரு நன்றி. பழைய இரும்பை எடைக்குப் போடும் தராசில் எங்கள் பிரேமுக்கு மட்டும் அவர் கை கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள்களில் சில கடைசியில் அவர் கடைக்குத்தான் வருகின்றன. கேரியரும் மட்கார்டும் துருவேறிப் போயிருக்கும், ஃபோர்க் மட்டும் கல்லுக்குண்டாக இருக்கும். எங்களுக்கு வேண்டியது அந்த ஃபோர்க்.

சக்கரத்தின் நெளிவை நேராக்குவதை, அதாவது கோட்டம் எடுப்பதையும் பாய் கடை வாசலில்தான் கற்றோம். சக்கரத்தைக் கவிழ்த்த சைக்கிளில் மாட்டிச் சுற்றிவிட்டு, ரிம் ஓரத்துக்கு அருகில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடிக்க வேண்டும். ரிம் எங்கே வெளியே தள்ளியிருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்தில், கோடு விழுந்த பக்கத்துக் கம்பியைக் கால் திருப்பு தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருப்பு முறுக்க வேண்டும். கால் திருப்புக்கு மேல் போகக் கூடாது. மறுபடி சுற்ற வேண்டும், மறுபடி சாக்பீஸ். நேராகிவிட்டது என்று நாங்கள் நினைத்த சக்கரத்தின் கம்பிகளை நீங்கள் விரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனீர்கள். ஒரு கம்பி மட்டும் மந்தமாக ஒலித்தது. "இது சும்மா நிக்குது, வேலை செய்யல." அக்கா மகன் இப்போது யார் வீட்டுச் சைக்கிளைப் பார்த்தாலும் கம்பியைத் தட்டுகிறான். அந்தப் பாவமும் உங்களைச் சேர்ந்ததுதான்.

அடுத்து லேத் அண்ணன். ஃபோர்க்கை ஒரே மூச்சில் ஒன்றரை அடி நீட்ட வேண்டும் என்பது அக்கா மகனின் ஆசை. நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டறைத் தரையைப் பெருக்கிவிட்டு சாக்பீஸால் சைக்கிளை முழு அளவில் வரைந்தீர்கள். பின்னால் 28 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு 20 அங்குலம் மாட்டினாலே பிரேம் பின்பக்கம் சாய்ந்து தலைக்குழாய் படுத்துவிடுகிறது. ஃபோர்க்கை நீட்டினால் இன்னும் படுக்கிறது. தலைக்குழாயின் சாய்வை அப்படியே தரை வரைக்கும் கோடாக இழுத்து, டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள தூரத்தைக் காட்டினீர்கள். சாதாரண சைக்கிளில் அது இரண்டு, இரண்டரை அங்குலம். எட்டு அங்குலம் மட்டும் நீட்டினாலே எங்கள் படத்தில் ஆறு அங்குலத்தைத் தொட்டது. "வேகமா போறப்ப நேராப் போகும். மெதுவாப் போறப்ப வீல் தானா ஒரு பக்கம் விழும். கொரட்டூர் ரோட்டுல நீ எப்ப வேகமாப் போவ?" அதோடு ஒன்றரை அடிப் பேச்சு முடிந்தது. எட்டு அங்குலம் என்று முடிவாயிற்று. ஃபோர்க் காலின் நுனியை முன்னால் இன்னும் கொஞ்சம் வளைத்தால் அந்தத் தூரம் குறையும் என்று சொல்லி, வளைத்தும் கொடுத்தீர்கள். இப்போது நாலு அங்குலத்துக்கும் கீழே. பத்து வயதுப் பிள்ளைகூட நடை வேகத்தில் ஓட்டுகிறது. அந்தச் சாக்பீஸ் படத்துக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டீர்கள், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கிரில் பட்டறை வெல்டர் அண்ணனைப் பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம். நாங்கள் கொண்டுபோன சாமான்களில் பாதியை அவர் தொட மறுத்தார். முதுகுக் கம்பிக்கு எடுத்துப்போன, துத்தநாகம் (ஜிங்க்) பூசிய ஜி.ஐ. பைப்பைப் பார்த்ததும், "மேல இருக்குற ஜிங்க்கை முழுசா ராவிட்டு வா" என்றார். அந்தப் பூச்சு எரியும்போது வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வந்துவிடும். அவர் அனுபவித்துச் சொன்னார். குரோம் பூசிய ஹேண்டில்பாருக்கும் அதே உத்தரவு. அந்தப் புகை இன்னும் கெடுதல். சைக்கிள் குழாய் மெல்லிசு, ஆர்க் வெல்டிங்கில் சட்டென்று ஓட்டை விழும். அதனால் முக்கியமான இணைப்புகளுக்கு அவர் கேஸ் வைத்துப் பித்தளையில் பற்றவைத்தார். கம்பெனிப் பிரேம்களிலும் குழாய்கள் சேரும் உறைபோன்ற லக் மூட்டுகளுக்குள் ஓடியிருப்பது பித்தளைதான்.

ஃபோர்க்கை நீட்டிய விதத்தைப் பலர் கேட்கிறார்கள். ஃபோர்க்கின் கால் கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். இன்னொரு ஃபோர்க்கின் காலை மேலே அகலமான இடத்தில் அறுத்து, முதல் ஃபோர்க்கின் நுனியில் உறை மாட்டுவதுபோல் செருகினால் கச்சிதமாக உட்காரும். நாலு அங்குலமாவது ஒன்றுக்குள் ஒன்று போக வேண்டும் என்று வெல்டர் அண்ணன் பிடிவாதமாக நின்றார். வெளிக்குழாயில் துளை போட்டு உள்குழாயோடு சேர்த்தும் பற்றவைத்தார். "இது புட்டுக்கிச்சுன்னா மூஞ்சிதான் மொதல்ல போகும்" என்று அவர் சொன்ன பிறகு நாங்கள் அவசரப்படுத்தவே இல்லை.

முதுகுக் கம்பியை வளைத்ததும் அவர் மேற்பார்வையில்தான். வெறும் பைப்பை வளைத்தால் வளைவில் நசுங்கிவிடும். உள்ளே மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு வாயையும் மரக்கட்டையால் அடைத்து, சிவக்கக் காய்ச்சி வளைக்க வேண்டும். மணலை அதற்கு முன்னால் இரும்புச் சட்டியில் போட்டு நன்றாக வறுக்கச் சொன்னார். ஈரம் இருந்தால் உள்ளே நீராவி அடைபட்டு, கட்டை துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். மணல் வறுத்த சட்டி அம்மாவுடையது. அம்மா, உங்களுக்கு நன்றியும் புதுச் சட்டியும்.

பிரேக் விஷயத்தில் பாய் மறுபடி வந்தார். ஒரு பிரேக் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதே என்றார். நீண்ட ஃபோர்க்கில் கம்பியால் இழுக்கும் பழைய ராடு பிரேக் எட்டாது, ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் சாதாரண காலிப்பர் பிரேக்கை மேலே மாட்டினால் ரிம் அதற்குக் கீழே எங்கேயோ இருக்கும். ரிம்முக்குச் சற்று மேலே இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு பட்டையைப் பற்றவைத்து, அதில் துளை போட்டு காலிப்பரை மாட்டும் யோசனை அவருடையது. அந்தப் பட்டையால் கால்களின் ஆட்டமும் நின்றது.

புதுப்பேட்டையில் சீட் தைத்துக் கொடுத்த அண்ணனுக்கு: நாங்கள் பேப்பரில் வரைந்து கொண்டுவந்த வாழைப்பழ வடிவத்தைப் பார்த்து நீங்கள் சிரித்தது சரிதான். ஆனாலும் பிளைவுட்டில் அறுத்து, இரண்டு அடுக்கு ஃபோம் வைத்து, கறுப்பு ரெக்ஸினில் வெள்ளை நூல் ஓட்டிக் கொடுத்தீர்கள். ஆட்டோவுக்குப் பெயிண்ட் அடிக்கும் தம்பி மிச்ச மஞ்சளைக் கொடுத்தார், அடியில் பூசும் ரெட் ஆக்சைடு மட்டும் நாங்கள் வாங்கினோம். சவாரி வருமா என்று கேட்கிறவர்களுக்கு: வராது.

கீழ் வீட்டு அத்தைக்கு. கிரைண்டர் சத்தத்தை நீங்கள் பொறுத்துக்கொண்டதை மறக்க மாட்டோம். பிள்ளைக்குப் பொதுத்தேர்வு நடந்த நாட்களில் நீங்கள் மேலே வந்து கேட்டதெல்லாம், மதியம் இரண்டிலிருந்து நாலு வரை வேண்டாம் என்பதுதான். அந்த நேரத்தில்தான் நாங்கள் அச்சுக்குள் உருளும் பால்ரஸ் குண்டுகளைக் கழுவவும், அவற்றைப் பிடித்திருக்கும் கோனை முறுக்கவும் கற்றுக்கொண்டோம். சத்தமில்லாத வேலைகள்தான் இவ்வளவு நாளாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தன.

அக்கா மகனுக்கு நன்றி சொல்லப் போவதில்லை. அவன் பெயர்தான் செயின் கார்டில் எழுதியிருக்கிறது, அது போதும்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. 28 அங்குல ரிம் ஒன்று, முழு ராடு பிரேக் செட், நல்ல நிலையில் ஒரு கேரியர், பெடல் தண்டை அச்சோடு பிடிக்கும் காட்டர் பின்கள் ஒரு டப்பா நிறைய, ஒரு டைனமோ லைட் இவ்வளவும் மீந்திருக்கின்றன. பழைய சைக்கிளைச் சரிசெய்கிற யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம். மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள். காலிங் பெல் வேலை செய்யாது, கீழே நின்று ஒரு குரல் கொடுத்தால் இறங்கி வருகிறேன்.

அன்புடன்,
மொட்டை மாடிப் பட்டறைக்காரன்,
கொரட்டூர், சென்னை