புளி ஆயாவுக்கு எங்கள் நாலு பேரின் நன்றி

வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிந்து மூன்று நாள் ஆகிறது. கடைசி வாரத்தில் எங்கள் ஃபைனல் இயர் புராஜெக்டான புளியங்கொட்டை எடுக்கும் மெஷின் எங்களை என்ன பாடு படுத்தியது என்பது வகுப்புக்கும் வீட்டுக்கும் தெரியும். அதை மறுபடி கிளற மனசு வரவில்லை.

ராத்திரி பதினொரு மணிக்குப் பட்டறையைத் திறந்து ரோலரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டை மறுபடி கடைந்து, அதில் கீவே என்ற பள்ளம் வெட்டிக் கொடுத்த ராயக்கோட்டை ரோட்டு லேத் அண்ணன், ஓசூரிலிருந்து பேரிங்கை பஸ்ஸில் கொடுத்தனுப்பிய சீனியர், திட்டாமல் கூடவே நின்ற கைடு சார், எல்லாருக்கும் நன்றி. ரிப்போர்ட்டின் நன்றியுரையிலும் இவர்கள் இருக்கிறார்கள்.

அதில் இல்லாத ஒருவருக்காகத்தான் இந்த மடல். அவரைப் பார்த்தபோது ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போயிருந்தது.

காவேரிப்பட்டணம் பக்கம், நண்பன் வீட்டு வாசலில் கொட்டை எடுக்கும் மெஷினை ஓட்டிப் பார்த்தோம். மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுற்று, 3 அங்குல புல்லியிலிருந்து 12 அங்குலத்துக்கு பெல்ட், ஷாஃப்டில் 360 சுற்று. கணக்கு சரி. ஆனால் ரோலர் முழுக்கப் புளி அப்பிக்கொண்டு நின்றது. டிசைன் தப்பு, வெல்டிங் தப்பு என்று நாலு பேரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டோம்.

எதிர்த் திண்ணையில் ஓர் ஆயா, கல்லின் மேல் பழத்தை வைத்துச் சின்ன இரும்பால் தட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு எழுந்து வந்து, எங்கள் புளியில் ஒன்றை எடுத்து வளைத்தார். ரப்பர் மாதிரி வளைந்தது.

"பனி ஏறிக் கெடக்குது கண்ணு. வெயில் பாக்காத புளி கையிலயே ஒட்டும், மெஷின்ல ஒட்டாதா?"

அதோடு போயிருக்கலாம். வீட்டுக்குள் போய், இரண்டு நாள் வெயிலில் காய்ந்த தன் மரத்துப் புளியில் அரை மூட்டையைத் தூக்கி வந்தார். காசு வாங்கவில்லை. "புளிய உங்கம்மாளுங்களுக்குக் குடுங்க. கொட்டைய மட்டும் கொண்டாந்து குடுத்துடு, அதுக்கும் வெல இருக்குது" என்றார். அந்தப் புளியைப் போட்டதும் தகரத் தட்டில் கொட்டை சடசடவென்று விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மாசி, பங்குனி வந்தால் எங்கள் ஊர்த் தெருவெல்லாம் புளிதான். இதே வேலையைச் செய்யும் பெண்களைத் தாண்டித்தான் தினமும் காலேஜ் பஸ் பிடித்தோம். ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது உறுத்துகிறது.

ரோலருக்கு முன்னால் விரல் போகாதபடி தடுப்பு போட்டதும், மெஷினை ஆயா திண்ணையில் கொண்டுபோய் வைப்போம். அதுவரை யாரையும் கை வைக்க விடமாட்டோம்.

பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கு, "பேப்பர்ல கீப்பர்ல போடாத சாமி" என்றுவிட்டார். நேற்று கொட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சாக்கில் பரப்பி, உடைந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்ளோதான் ஒடஞ்சுதா?"